‘நாகர்கோவில்’ என்று தேடினால் என்ன நடக்கிறது? எஸ்.இ.ஓ.வின் தொழில்நுட்பப் பக்கம் பற்றி ஒரு குறிப்பு

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு கல்லூரி மாணவர் போன் செய்தார். புராஜெக்டுக்காக நாஞ்சில் நாட்டுக் குளங்களையும் கால்வாய்களையும் பற்றித் தேடிக்கொண்டிருக்கிறாராம். “சார், தமிழ்ல இதப் பத்தி யாருமே எழுதல போலிருக்கே” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இதே வலைப்பதிவில் அந்தத் தலைப்பில் பதினோரு கட்டுரைகள் கிடக்கின்றன. பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து பழையாற்றுத் தடுப்பணைகள் வரை எழுதியிருக்கிறேன்.

அவர் மேல் தப்பில்லை. தேடினார், வரவில்லை. இன்றைக்கு ஒரு விஷயம் தேடலில் வரவில்லை என்றால், அது இல்லை என்றே அர்த்தம். அதிலும் எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று அந்தப் பக்கம் இருந்தது. பழைய ஆவணங்களில் பெரும்பகுதி திருவனந்தபுரத்தில். ஒரு மாணவருக்குத் தமிழில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இணையத்தில் கிடைப்பது மட்டும்தான்.

இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறேன். ஆனால் எஸ்.இ.ஓ. என்றாலே ‘உங்கள் தளத்தை முதல் பக்கத்தில் கொண்டுவருகிறோம்’ என்று வரும் மின்னஞ்சல்தான் ஞாபகம் வரும், அதனால் அந்தப் பக்கமே போனதில்லை. மாணவரின் போனுக்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எனக்கு உருப்படியாகப் பட்டதை இங்கே எழுதுகிறேன். முதலிடத்துக்கு வருவது எப்படி என்று இதில் இல்லை. எழுதியது காணாமல் போகாமல் இருப்பது எப்படி என்பது மட்டும்தான்.

நாலு வாசல்

எந்தத் தேடுபொறியும் செய்கிற வேலையை நாலாகப் பிரிக்கலாம். முதலில் ஒரு நிரல் பக்கத்தின் முகவரிக்கு வந்து அதை எடுத்துப் போகிறது. இதை உலவி என்று வைத்துக்கொள்வோம், கூகுளுடைய உலவியின் பெயர் கூகுள்பாட். இரண்டாவது, எடுத்ததில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கிறது. மூன்றாவது, வாசித்ததை அட்டவணையில் சேர்க்கிறது. நாலாவது, யாராவது தேடும்போது சேர்த்தவற்றில் எதை மேலே காட்டுவது என்று முடிவெடுக்கிறது.

அட்டவணை என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. உ.வே.சா. பதிப்புகளின் பின்பக்கத்தில் அரும்பத அகராதி இருக்குமே, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று, அதேதான். நீங்கள் தேடும்போது தேடுபொறி உலகத்தில் உள்ள பக்கங்களைப் புரட்டுவதில்லை. அந்தப் பின்பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது. சொல் அதில் சரியாக ஏறவில்லை என்றால் பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை.

காசு வாங்கிச் சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் நாலாவது வாசலைப் பற்றித்தான் பேசுவார்கள். லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் வெளியிட்ட பேஜ்ரேங்க் கருத்து, மற்ற பக்கங்கள் தரும் இணைப்புகளை ஓட்டுகளைப் போல எடை போடுவது, அந்த வாசலைச் சேர்ந்தது. அங்கே நம் கையில் இருப்பது குறைவு. என் பதினோரு கட்டுரைகளும் அந்த வாசல் வரைக்கும் போகவே இல்லை. சில முதல் வாசலில் நின்றுவிட்டன, மிச்சமெல்லாம் இரண்டாவதில்.

ஆகவே தொழில்நுட்ப எஸ்.இ.ஓ. என்றால் நான் புரிந்துகொண்டது இதுதான்: பக்கம் எந்த வாசலில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. நமக்குப் பழகிய டீபக்கிங்தான்.

முதல் வாசல்: ஒரு சாய்கோடு

1994-ல் மார்ட்டைன் கோஸ்டர் என்பவர் ஒரு எளிய ஏற்பாட்டை முன்வைத்தார். தளத்தின் வேர் முகவரியில் ‘ரோபோட்ஸ்’ என்ற சின்ன உரைக்கோப்பை வைத்து, உலவிகள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று எழுதிவிடலாம். கிட்டத்தட்ட முப்பது வருஷம் வாய்மொழி ஒப்பந்தம் மாதிரி ஓடிக்கொண்டிருந்த இது, 2022-ல்தான் முறையான இணையத் தரமாக ஆனது.

அதில் ‘அனுமதியில்லை’ என்று பொருள்படும் வரிக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டால், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். அதே இடத்தில் ஒரே ஒரு சாய்கோடு போட்டால், தளம் முழுக்க மூடப்பட்டது என்று அர்த்தம். நான் வலைப்பதிவைப் புது சர்வருக்கு மாற்றியபோது, சோதனை நேரத்தில் யாரும் பார்க்க வேண்டாம் என்று அந்தச் சாய்கோட்டைப் போட்டிருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு, நிறையப் பேர் மாட்டிக்கொள்வது. ஒரு பக்கம் தேடலில் வரக்கூடாது என்றால் பக்கத்துக்குள்ளேயே ‘அட்டவணையில் சேர்க்காதே’ என்று ஒரு குறிச்சொல் போடலாம். ஆனால் அதே பக்கத்தை ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிட்டால், உலவி உள்ளே வராது. உள்ளே வராவிட்டால் அந்தக் குறிச்சொல்லைப் பார்க்காது. வேறு யாராவது அந்த முகவரிக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், வெறும் முகவரி மட்டும் தேடலில் தலைகாட்டலாம். எடுப்பதைத் தடுப்பது வேறு, சேர்ப்பதைத் தடுப்பது வேறு.

உலவிக்கு வழி சொல்ல தளவரைபடக் கோப்பு ஒன்றும் வைக்கலாம். 2005-ல் கூகுள் தொடங்கி, 2006-ல் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்றுக்கொண்ட முறை. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை போகலாம். நம்மைப் போன்ற சின்ன வலைப்பதிவுக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான். பக்கத்துக்குப் பக்கம் ஒழுங்காக இணைப்பு இருந்தாலே உலவி வந்துவிடும்.

முகவரி: ஆறு எழுத்துக்கு 99 எழுத்து

‘நாகர்கோவில்’ என்பதை நாம் எண்ணினால் ஆறு எழுத்து: நா, க, ர், கோ, வி, ல். யூனிகோடு வேறு மாதிரி எண்ணும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனிக் குறிகள். ஆக 11 குறிகள். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 33 பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துமாக மூன்றாகிவிடும். ஆக 99. தமிழ்த் தலைப்புள்ள கட்டுரையின் முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ரயில் மாதிரி நீள்வது இதனால்தான்.

நீளம் வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. வேர்ட்பிரஸ் முகவரியின் இந்தப் பகுதிக்கு 200 எழுத்துதான் ஒதுக்கியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு 22 குறிகளோடு முடிந்துவிடும். ‘நாகர்கோவில்’ என்று இரண்டு தடவை எழுதி நடுவில் ஒரு சிறுகோடு போட்டால் 199. அதற்கு மேல் வெட்டு. வெட்டு எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. சில சமயம் புள்ளிக்கு முன்னால் விழுந்து மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும்.

தமிழ் முகவரி வைப்பது தப்பில்லை, தேடுபொறிகள் படித்துக்கொள்ளும். நான் சுருக்கமான ஆங்கில எழுத்து முகவரிக்கு மாறிவிட்டேன், பகிர்கிறவர்களின் வசதிக்காக. மாற்றும்போது பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு ‘நிரந்தரமாக இடம் மாறியது’ என்ற 301 பதிலை வைக்க வேண்டும். வைக்காமல் விட்டால் பழைய இணைப்புகள் எல்லாம் 404-ல் போய் முட்டும். யாரோ எப்போதோ ஒரு இணைப்பைக் கொடுத்திருப்பார்கள், அந்த மதிப்பும் அதோடு போச்சு.

ஒரே கட்டுரை நாலு முகவரியில் கிடைப்பதும் உண்டு. பாதுகாப்பான இணைப்பு ஒன்று, அல்லாதது ஒன்று, மூன்று டபிள்யூ போட்டது, போடாதது. எது அசல் என்று சொல்ல ‘கனானிகல்’ என்ற குறிச்சொல் 2009-ல் வந்தது. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்டன. ஒரே வரி. போட்டுவிடுங்கள்.

இரண்டாவது வாசல்: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

சாய்கோட்டை எடுத்து, முகவரிகளைச் சரிசெய்து, ஒரு மாதம் பொறுத்தும் பெரும்பாலான கட்டுரைகள் வரவில்லை. கடைசியில் என் தளத்தின் சொந்தத் தேடல் பெட்டியிலேயே ‘நாகர்கோவில்’ என்று தட்டிப் பார்த்தேன். பூஜ்யம். தலைப்பிலேயே நாகர்கோவில் இருக்கிறது, எப்படி?

இந்த இரண்டையும் பாருங்கள்: நாகர்கோவில், நாகா்கோவில். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. முதலாவதில் ‘க’வுக்கு அடுத்து ‘ர’வும் புள்ளியும் இருக்கின்றன. இரண்டாவதில் இருப்பது துணைக்காலும் அதன்மேல் ஒரு புள்ளியும். பதின்ம எண்ணில் சொன்னால் ‘ர’ 2992, துணைக்கால் 3006. கணினிக்கு இவை பலாவும் பாகற்காயும் மாதிரி வேறு வேறு.

இது எப்படி வந்தது? அச்சு வழக்கில் ர், ரி, ரீ மூன்றிலும் ‘ர’வின் கீழ்ச்சாய்வு விடுபட்டு, துணைக்கால் மாதிரியே நிற்பதுண்டு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் வடிவம் சரியாக வந்தால் போதும், அதனால் காலையே போட்டு மேலே புள்ளி வைத்தார்கள். பிறகு அந்தக் கோப்புகளை மாற்றி நிரல் வழியாக யூனிகோடாக்கியபோது, கால் காலாகவே வந்து சேர்ந்தது. நான் பழைய எழுத்துருவில் வருஷக்கணக்காகத் தட்டி வைத்திருந்த குறிப்புகளைத்தான் மாற்றிப் போட்டிருந்தேன். என்னுடையது மட்டுமில்லை, இணையத்தில் செய்திகளில்கூட இதை நிறையப் பார்க்கலாம்.

நாஞ்சில் நாட்டுப் பாசனம் பற்றிய கட்டுரையில் எந்தச் சொற்கள் அதிகம் வரும்? நீர், ஊர், தேரூர், வடசேரி, கன்னியாகுமரி. எல்லாவற்றிலும் ‘ர்’ அல்லது ‘ரி’. அதாவது கட்டுரையின் முக்கியமான சொற்கள் அத்தனையும் அட்டவணையில் தப்பாக ஏறியிருந்தன. பெரிய தேடுபொறிகள் எழுத்துப்பிழையை ஊகித்துச் சமாளிக்கப் பார்க்கும். ஆனால் ஊகத்தை நம்பி எழுத முடியாது.

நல்ல வேளை, இதைச் சரிசெய்வது சுலபம். தமிழில் புள்ளி மெய்யின் மேல்தான் வரும், துணைக்காலின் மேல் வரவே வராது. துணைக்காலுக்குப் பின் இகர, ஈகாரக் குறிகளும் வராது. ஆகவே காலும் புள்ளியும் சேர்ந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘ர்’ என்று மாற்றலாம், அப்படியே ‘ரி’, ‘ரீ’. மூன்று வரி நிரல்.

எல்லாம் இவ்வளவு சுலபமில்லை. ‘மௌனம்’ என்பதை ‘மெளனம்’ என்று ஒற்றைக் கொம்பும் ‘ள’வும் போட்டு எழுதியிருப்பார்கள். இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘வெள்ளம்’ கெட்டுவிடும், அங்கே கொம்பும் ‘ள’வும் நியாயமாகவே இருக்கின்றன. பாசனக் கட்டுரையில் வெள்ளம் போனால் என்ன மிஞ்சும்! இதற்கு ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை, ‘கோ’. இதன் ஓகாரக் குறியை 3019 என்று ஒரே குறியாக எழுதலாம். 3015-ஐயும் (இரட்டைக்கொம்பு) 3006-ஐயும் (கால்) அடுத்தடுத்து எழுதியும் கொண்டுவரலாம். இந்த இரண்டும் சமம் என்று யூனிகோடே விதி வைத்திருக்கிறது. சேமிப்பதற்கு முன் இயல்பாக்கம் என்ற படியை ஓட்டினால் ஒரே வடிவமாகிவிடும், பல நிரல்மொழிகளில் தயாராக இருக்கிறது. ஆனால் ‘ர்’ பிரச்சினையை இயல்பாக்கம் தீர்க்காது. யூனிகோடின் கண்ணில் அது பிழையே இல்லை, வேறொரு சரம்.

ஆங்கிலத்தில் இருக்கும் எஸ்.இ.ஓ. பாடங்கள் எதிலும் இந்தப் பகுதி இல்லை. அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நமக்கு இதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

இதை என் சொந்த வலைப்பதிவுக் கதையாக மட்டும் பார்க்க வேண்டாம். 1990-களின் கடைசியில் தமிழ் இணையம் பல குறிமுறைகளில் சிதறிக் கிடந்தது. டிஸ்கி ஒரு பக்கம், 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் இன்னொரு பக்கம், இவை போக ஆளுக்கொரு எழுத்துரு. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் டிஸ்கியில் இருந்ததைப் பிறகு யூனிகோடுக்கும் கொண்டுவந்ததால், இன்றைக்கும் தேடினால் கிடைக்கிறது. அப்படி மாற்றப்படாத பக்கங்கள் உலவிக்குப் புள்ளியும் கீற்றும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்குப்பையாகத்தான் தெரியும். சில இன்னும் இணையத்தில் இருக்கின்றன, ஆனால் யாரும் தேடிப் போய்ச் சேர முடியாது. பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எஃப். கோப்புகளும் அப்படியே. பார்க்கத் தமிழ், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில உளறல். உங்கள் பி.டி.எஃப்.பிலிருந்து ஒரு வரியை ஒட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது வாசல்: கோ + இல்

எழுத்துச் சரியானாலும் சொல் ஒன்றாக நிற்பதில்லை. நாகர்கோவிலில், நாகர்கோவிலுக்கு, நாகர்கோவிலிலிருந்து, நாகர்கோவிலின். தேடுகிறவர் ‘நாகர்கோவில்’ என்று மட்டும் போடுவார். இதற்காக விகுதிகளைக் கழற்றி அடிச்சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் உண்டு. என் தளத் தேடலுக்கு நானே ஒன்று எழுதினேன். ‘இல்’ வந்தால் வெட்டு, நடுவில் நிற்கும் உடம்படுமெய்யையும் வெட்டு என்று விதி வைத்தேன். ஓட்டிப் பார்த்தால் என் ஊர் ‘நாகர்கோ’ ஆகிவிட்டது.

யோசித்தால் நிரல் செய்தது இலக்கணப்படி சரிதான். கோ என்றால் அரசன், இறைவன். இல் என்றால் வீடு. அந்த ‘இல்’லும் இடத்தைக் காட்டும் ‘இல்’லும் உருவத்தில் ஒன்று. கோவில், கோயில் என்று இரண்டு விதமாக எழுதுகிறோமே, அதுவும் நடுவில் வகரம் போடுவதா யகரம் போடுவதா என்ற உடம்படுமெய்க் கதைதான். என் நிரல் இரண்டையும் ‘நாகர்கோ’ என்று ஒன்றாக்கிவிட்டது, தெரியாமல் செய்த நல்ல காரியம்.

எல்லாப் பெயரும் இப்படி அதிர்ஷ்டம் செய்யவில்லை. பழையாறு என்பது பழையாற்றில் என்று ஆகும்போது சொல்லின் நடுவிலேயே எழுத்து மாறுகிறது. குளம் குளத்துக்கு ஆகும்போது மகரம் காணாமல் போய்விடுகிறது. கோட்டாறு என்றும் கோட்டார் என்றும் ஒரே இடத்தைச் சொல்கிறோம். பெரிய தேடுபொறிகள் இதில் எவ்வளவு தூரம் போகின்றன என்பது அவர்கள் வீட்டு விஷயம். நம்மால் முடிந்தது ஒன்று இருக்கிறது: தலைப்பிலும் முதல் பத்தியிலும் ஊர்ப்பெயரையும் ஆற்றின் பெயரையும் வேற்றுமை உருபு ஒட்டாமல் ஒரு தடவையாவது எழுதிவிடுவது. இரண்டு வழக்கு இருந்தால் ‘கோட்டாறு (கோட்டார்)’ என்று போடுவது. ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களும் உண்டு, அவர்களுக்காக அந்த எழுத்திலும் ஒரு தடவை. இதெல்லாம் வாசகருக்கும் உதவுகிற விஷயம். அதைத் தாண்டி ஒரே சொல்லை முப்பது தடவை திணித்தால் கட்டுரை நாசமாகும். குறிச்சொற்களை ஒளித்து அடுக்கும் பழைய உத்தியை ரேங்க் செய்வதற்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

எங்கிருந்து தொடங்குவது

கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பாடத்தில் தொடங்காதீர்கள், சர்வர் பதிவுக்கோப்பில் தொடங்குங்கள். உலவி எப்போது வந்தது, எந்தப் பக்கத்தைக் கேட்டது, 200 கிடைத்ததா, 301-ஆ, 404-ஆ என்று வரிவரியாக அதில் இருக்கும். இலவச வலைப்பதிவில் இருப்பவர்களுக்குப் பதிவுக்கோப்பு கிடைக்காது, அவர்களுக்கு சர்ச் கன்சோல் போதும். அதில் ஒரு முகவரியைக் கொடுத்தால் அது அட்டவணையில் இருக்கிறதா, இல்லை என்றால் ஏன் என்று சொல்லும். அடுத்து, உங்கள் கட்டுரையிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பிறகு அதே வாக்கியத்தைப் பார்த்துப் புதிதாகத் தட்டித் தேடுங்கள். நகலெடுத்தது கிடைத்து, தட்டியது கிடைக்கவில்லை என்றால், இரண்டாவது வாசலில்தான் சிக்கல்.

வேகம், கைபேசிப் பார்வை எல்லாம் அதற்கு அடுத்தது. முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. படமும் எழுத்துருவும் மிதமாக இருந்தால் எழுத்து மட்டுமே உள்ள வலைப்பதிவு அதைத் தாண்டிவிடும்.

மூன்று வரி நிரலை ஓட்டிய பிறகு அந்த மாணவருக்கு நானே போன் செய்தேன். சில வாரம் கழித்துத் தேடிப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “சார், பழையாறு பத்தின கட்டுரை வருது. ஆனா ரெண்டாவது பத்தியில ஒரு தடுப்பணை பேரு தப்பா இருக்கே, எங்க ஊரு அது” என்றார்.

சரிதான். இத்தனை வருஷம் அந்தத் தப்பை யாரும் சுட்டிக்காட்டாததற்குக் காரணம், யாரும் அதைப் படிக்கவே இல்லை என்பதுதான். திருத்திவிட்டேன்.